மஞ்சள் இலை எங்கிருந்து தொடங்குகிறது?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு கடைசியில் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். "இலை மஞ்சளாகுது, என்ன போடுறது?" "பூச்சி வந்திருச்சு, என்ன அடிக்கிறது?" பதிலும் உடனே கிடைத்துவிடும். வேப்பெண்ணெய் அடிங்க, பஞ்சகவ்யா ஊத்துங்க, எப்சம் உப்பு போடுங்க. எந்த இலை மஞ்சளாகிறது என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அடி இலையா, கொழுந்தா? இலை முழுவதுமா, ஓரம் மட்டுமா? நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுக்கிறதா, அல்லது நரம்பே மஞ்சளாகிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

தமிழ்நாட்டு மாடிகளில் காய்கறி வளர்ப்பது இன்று பரவலாகிவிட்டது. 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் அரசின் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியபோது பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் ஒரே பொட்டலமாக வீட்டுக்கு வந்தன. எப்படி நடுவது என்பதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொண்டோம். நட்ட செடி வெளுக்கும்போது காரணத்தை எங்கே தேடுவது என்பதைத்தான் கற்கவில்லை. பல ஆண்டுகள் மாடியில் வளர்த்தும், இழந்தும், வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளையும் இயற்கை வேளாண்மைக்காரர்களின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது: தொட்டிச் செடியின் மஞ்சளில் பெரும்பகுதி பைக்குள்ளே, வேரில்தான் தொடங்குகிறது. இலையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவே. பூச்சியும் பல நேரம் அப்படித் தளர்ந்துபோன செடியைத்தான் முதலில் மொய்க்கிறது.

ஒரு பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது

மூன்று வருடங்களுக்கு முன் ஆடியில் வைத்த எட்டுக் கத்தரிப் பைகளில் மூன்றில் செடி ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழவில்லை. முதலில் அடி இலைகள் வெளுத்தன. பிறகு செடி முழுவதும் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பூச்சி ஒன்றும் தென்படவில்லை. கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன், மீன் அமிலம் தெளித்தேன். பத்து நாள் பச்சை திரும்பும், மறுபடி வெளுக்கும். கடைசியில் ஒரு பையைச் சாய்த்து மண்கட்டியை அப்படியே வெளியே உருவினேன். மேலே நான்கு விரல் ஆழத்துக்கு வெள்ளை வேர் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே உயிருள்ள வேர் ஒன்றுகூட இல்லை. அடியில் இருந்த நார்க்கழிவு கறுத்துப்போய், கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு, சாக்கடை வாடை அடித்தது. மேலே இருந்ததோ இன்னும் செம்பழுப்பாக, நார் நாராக, வாங்கி வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. பதப்படுத்திய நார்க்கழிவு என்று சொல்லித்தான் நாற்றுப்பண்ணையில் கொடுத்தார்கள். அது மட்கவே இல்லை.

அந்த ஒரு பையில் இரண்டு பாடம் இருந்தது. முதலாவது, பச்சை நார்க்கழிவு. தென்னைநார்க் கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 112க்கு 1. அதை மட்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பை வளர்க்கவே தழைச்சத்தைத் தேடும். நாம் ஊற்றும் பிண்ணாக்குச் சத்தை முதல் பந்தியில் அவையே சாப்பிட்டுவிடும். செடிக்கு மிச்சம்தான் கிடைக்கும். பத்து நாள் பச்சையும் பிறகு வெளுப்பும் மாறி மாறி வந்ததன் காரணம் இதுதான். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு இந்தக் கழிவை மட்கவைக்கும் முறையைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அப்படி மட்கியதில் விகிதம் 24க்கு 1 என்ற அளவுக்கு இறங்கிவிடும். மட்கியது நிறம் கறுத்து, எடை குறைந்து, கையில் உதிரும். கடையில் அழுத்திக் கட்டியாக விற்பதெல்லாம் மட்கியது என்று நினைத்துவிடக் கூடாது. அழுத்துவது வேறு, மட்கவைப்பது வேறு. அதோடு பச்சை நார்க்கழிவில் உப்பும் இருக்கும். ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, வடியும் நீர் காபி நிறத்திலிருந்து வெளிறிய தேநீர் நிறத்துக்கு வரும்வரை அலச வேண்டும். புதிதாக ஒரு கட்டி வாங்கினால் நான் முதலில் ஒரு சிறு தொட்டியில் நிரப்பி ஒரு கைப்பிடி வெந்தயம் தூவிப் பார்க்கிறேன். வெந்தயம் சீராக முளைத்துப் பச்சையாக நின்றால் அந்தக் கட்டியை நம்பலாம். முளைத்தவுடன் நுனி கருகினால் இன்னும் அலச வேண்டும்.

இரண்டாவது பாடம், அடியில் நின்ற நீர். வயலில் ஊற்றிய நீர் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். பையில் அது அடிமட்டத்தில் வந்து நின்றுவிடும். துளை இருந்தாலும் நிற்கும். இதைப் புரிந்துகொள்ள ஒரு ஸ்பாஞ்ச் போதும். நன்றாக நனைத்து, தட்டையாகக் கிடத்திப் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடும்போது வடியும் நீரும் கூடுகிறது. அதனால் ஒரே அளவு மண் பிடிக்கும் இரண்டு பாத்திரங்களில், அகலமான தட்டைத் தொட்டியைவிட உயரமான பை வேருக்கு நல்லது. கீரைக்குத் தட்டைத் தொட்டி போதும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு முக்கால் முழ ஆழமாவது வேண்டும்.

இதோடு ஒட்டி வரும் பழைய நம்பிக்கை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொட்டியின் அடியில் ஜல்லி, ஓட்டுச்சில் பரப்பினால் வடிகால் நன்றாக இருக்கும் என்று ஏறக்குறைய எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. நடப்பது நேர்மாறு. நுண்ணிய துளைகள் உள்ள மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்த பிறகே இறங்கும். அதாவது, முன்பு பையின் அடியில் நின்ற சேற்றுப்பட்டை இப்போது ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். மண் அரித்துப் போகாமல் இருக்கத் துளையின் மேல் ஒரு ஓட்டுச்சில் கவிழ்க்கலாம். அதற்கு மேல் ஜல்லி தேவையில்லை.

நீர் அதிகமான செடியும் நீர் இல்லாத செடியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி துவளும் என்பதுதான் இதில் பெரிய பொறி. துவண்ட செடியைப் பார்த்ததும் கை பூவாளிக்குத்தான் போகிறது. மாலையில் வெயில் தணிந்த பிறகும் துவண்டே இருக்கிறது, விரலை விட்டால் மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது இன்னொரு குவளை நீர், செடியைக் கொன்றுவிடும். விரலின் இரண்டு கணு ஆழத்துக்கு மண் காய்ந்த பிறகே நீர் என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டாலே மாடியில் காணும் மஞ்சளில் ஒரு பெரும் பங்கு மறைந்துவிடும்.

சென்னை மாதிரி ஊரில் பைக்குள் வேரைத் தாக்குபவை இன்னும் மூன்று. ஒன்று சூடு. கத்திரி வெயிலில் சிமெண்டுத் தரையில் நேராக உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தை மாலை நான்கு மணிக்குத் தொட்டுப் பாருங்கள்; கை தாங்காது. அந்தப் பக்கத்து வேர்கள் வெந்துவிடுகின்றன. இரண்டு செங்கல் மேல் ஏற்றிவைப்பதும், வெயில் படும் பக்கம் ஈரச்சாக்கு சுற்றுவதும், 50 சதவீத நிழல்வலையும் எந்த உரத்தையும்விட அப்போது உதவும். இரண்டாவது மழை. ஐப்பசி, கார்த்திகை மழை தொடர்ந்து பெய்தால் தழைச்சத்து துளை வழியே கரைந்து ஓடிவிடும். 2015 டிசம்பர் பெருமழைக்குப் பிறகும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகும் செடிகள் வெளுத்து நின்றதை மாடித்தோட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் உடனே உரம் போடக் கூடாது. பையைச் சாய்த்து, துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கி, இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தால் போதும். மூன்றாவது உப்பு. கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரும் பைகளில் மாதக்கணக்கில் ஊற்றப்படுகின்றன. மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிகிறது. இலை நுனி கருகி, பிறகு மஞ்சள் உள்நோக்கி நகர்கிறது. கழிவாக வரும் அந்த நீரில் உப்பு செறிந்திருக்கும். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். பொருக்கு கண்டால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைநீரோ நல்ல நீரோ பையின் அடியில் தாராளமாக வழியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள்.

அடி இலையும் கொழுந்தும்

வேர் நன்றாக இருந்தும் மஞ்சள் என்றால் சத்துக்குறையைப் பார்க்கலாம். இங்கே ஒரு விதி பெரும்பாலும் தவறுவதில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தங்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் போடுவதுபோல, பற்றாக்குறை வந்தால் செடி மூத்த இலையிலிருந்து இந்தச் சத்துகளை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே குறை அடி இலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து போன்றவை ஒரு இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து நகராது. அவற்றின் குறை கொழுந்திலும் புதுக் காயிலும் தெரியும்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் வெளுத்தால் மக்னீசியம். ஓரம் மஞ்சளாகி, தீய்ந்த காகிதம்போல் காய்ந்தால் சாம்பல்சத்து. கொழுந்தில் நரம்புகள் மெல்லிய பச்சை வலைபோல் நிற்க, இடையில் மஞ்சளாகி, முற்றினால் ஏறக்குறைய வெள்ளையே ஆகிவிட்டால் அது இரும்பு. தக்காளியில் காய்ப்பு ஏறிய பிறகு தரையை ஒட்டிய இரண்டொரு இலை பழுத்து உதிர்வது முதுமை. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மாடியில் இது அதிகம், தவறாகப் புரிந்துகொள்வதும் அதிகம். மண்ணில் இரும்பு இல்லாமல் இந்தக் குறை வருவது அபூர்வம். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். மண் காரத்தன்மைக்கு மாறும்போது அந்த இரும்பு வேரால் எடுக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. காரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் நாமே ஊற்றும் கடின நீரும், 'சாம்பல்சத்து' என்று நினைத்து வாராவாரம் தூவும் அடுப்புச் சாம்பலும்தான். சாம்பல் இலையில் தூவினால் அசுவினியைக் கொஞ்சம் தடுக்கும், உண்மை. மண்ணில் சேரச்சேர இரும்பைப் பூட்டும் என்பதும் உண்மை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்பது இரும்பு சல்பேட்தான். அதில் 3 முதல் 5 கிராம், ஒரு லிட்டர் நீரில், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலையில் கொழுந்தில் படும்படி தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்புவது கண்ணுக்குத் தெரியும். எலுமிச்சை எதற்கு என்றால், கடின நீரில் அன்னபேதி சிறிது நேரத்திலேயே துருநிறமாகிப் பயனற்றுப் போகும். புளிப்பு அதைத் தடுக்கும். தெளித்தது முதலுதவிதான். நீரை மாற்றி, மட்கிய உரத்தைக் கூட்டி, சாம்பலை நிறுத்தினால்தான் நோய் தீரும்.

எப்சம் உப்பு இன்று மாடித்தோட்டத்தின் சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. அது மக்னீசியம் சல்பேட். மக்னீசியக் குறைக்கு லிட்டருக்கு 5 கிராம் தெளித்தால் நன்றாகவே வேலை செய்யும். மற்ற மஞ்சளுக்கு அதனால் பயனில்லை. மண்ணில் மக்னீசியம் மிகுந்தால் சுண்ணாம்புச்சத்தை வேர் எடுப்பது குறையும். பிறகு தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து, குழிந்து அழுகும். அதைப் பார்த்து முட்டை ஓடு போடுவார்கள். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் அந்த அடி அழுகலுக்குக் காரணம் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான். நீரைச் சீராக்கினால் அடுத்த கொத்துக் காய் சுத்தமாக வரும்.

இலையைத் திருப்பினால்

சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூச்சிமருந்துப் புட்டியையும்விட அதற்குக் கொடுக்கும் காசு லாபம்.

செடியைத் தட்டினால் வெள்ளைத் தூசுபோல் பறந்து மறுபடி வந்து உட்கார்வது வெள்ளை ஈ. கோடையில் இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் நிறைந்து, மங்கி, அடியில் நூலாம்படை படர்ந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள்; விழுந்த செம்புள்ளிகள் நகர்ந்தால் ஐயமே இல்லை. வெண்டையிலும் கத்தரியிலும் இலை ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம்போல் குவிந்தால் அடியில் இளம்பச்சைத் தத்துப்பூச்சி பக்கவாட்டில் நண்டுபோல் ஓடுவதைக் காணலாம். பலர் இதைச் சாம்பல்சத்துக் குறை என்று எண்ணி உரம் போடுகிறார்கள். இரண்டுக்கும் ஓரம்தான் மஞ்சளாகும். இலையைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

மிளகாயில் இலை முடங்குவது எல்லோரையும் அழவைப்பது. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்திப்பேன். இது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. முதலாவதற்கு அடிப்பது இரண்டாவதற்கு எடுபடாது. 2021ல் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடிய கறுப்பு இலைப்பேன் பூவுக்குள்ளேயே கூட்டமாகத் தங்கும். ஆகவே இப்போது இலையை மட்டும் பார்த்தால் போதாது, பூவையும் உள்ளங்கையில் உதறிப் பார்க்க வேண்டும்.

மாவுப்பூச்சிக்கு வருகிறேன். 2008ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி சில மாதங்களில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்தடித்து மாளவில்லை. 2010ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை பெங்களூருவில் இருந்த தேசிய ஆய்வு நிறுவனம் தருவித்து, வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தமிழகமெங்கும் விட்டது. அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, பார்த்தால் ஒரு புள்ளி அளவுதான் இருக்கும், அந்தக் கொள்ளைநோயையே அடக்கிவிட்டது. மருந்தால் முடியாததைக் குளவி செய்தது. நம் மாடியிலும் இப்படிக் காவல்காரர்கள் வருகிறார்கள். நாம்தான் அடையாளம் தெரியாமல் கொன்றுவிடுகிறோம். 1898ல் ஆஸ்திரேலியாவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு இருக்கிறது. அதன் புழு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு இழைகள் போர்த்தியிருக்கும். ஆனால் மாவுப்பூச்சியைவிடப் பெரிது, விறுவிறுவென்று நகரும், மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் புகுந்து முட்டைப்பையைத் தின்னும். 'மாவுப்பூச்சி பெரிசா ஓடுது' என்று யாராவது சொன்னால் அதை நசுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எறும்பு ஏறும் செடியில் பெரும்பாலும் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் தேன்துளிக்காக எறும்பு அவற்றைக் காக்கும், இடம் மாற்றியும் வைக்கும். எறும்பைத் தடுக்காமல் மருந்தடிப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதுதான். பை நிற்கும் ஸ்டாண்டின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் வையுங்கள். தென்னை நிழல் விழும் மாடிகளில் இன்னொரு குழப்பம். பொள்ளாச்சிப் பகுதியில் 2016ல் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று நகரத்துத் தென்னைகளிலும் இருக்கிறது. அதன் தேன்துளி கீழே கத்தரி இலையில் சொட்டி, அதில் கரும்பூசணம் படரும். கத்தரிக்கு நோய் இல்லை. மேலே மரத்தில் இருக்கிறது. கஞ்சித் தண்ணீர் தெளித்தால் காய்ந்ததும் கறுப்பு பொருக்காக உரிந்து விழும்.

இலையில் வெள்ளைப் பாம்புக்கோடு போடும் இலைத்துளைப்பானால் காய்க்கும் செடிக்குப் பெரிய நட்டம் இல்லை. கோடு விழுந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும். கொடிகளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதற்குப் பலர் பூச்சிமருந்து தேடுகிறார்கள். பிஞ்சில் ஊசித்துளையும் பிசினும் இருந்தால் பழ ஈ. ஈயை ஈர்த்துப் பிடிக்கும் கியூலூர் பொறி ஒன்று தொங்கவிடுங்கள். துளை இல்லாமல் மஞ்சளானால் மகரந்தம் சேரவில்லை. சுரையும் பீர்க்கும் மாலையில் பூக்கும், பூசணியும் பாகலும் காலையில். தேனீ வராத நான்காவது மாடியில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுவது நம் வேலை.

பழைய மண்ணையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பைகளில் மறைந்திருக்கும் எதிரி வேர்முடிச்சு நூற்புழு. செடி குட்டையாகி, வெளிர்ந்து, உச்சி வெயிலில் துவண்டு மாலையில் நிமிரும். எந்த உரத்துக்கும் மசியாது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணிமணியாக முடிச்சுகள். அவரை, காராமணியில் மட்டும் அவசரப்படாதீர்கள். அவற்றின் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சுகளும் இருக்கும். நகத்தால் தள்ளினால் தனியாகக் கழன்று, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நல்ல முடிச்சு. வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருந்தால் நூற்புழு. அந்த மண்ணைச் சித்திரை, வைகாசி வெயிலில் ஈரமாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வேகவிடுங்கள். பிறகு வேப்பம் பிண்ணாக்கு கலந்து முதல் பட்டத்தில் செண்டுமல்லி வைத்து எடுத்தால் மண் மீளும்.

எது மருந்து, எது இல்லை

வேப்பெண்ணெய் பூச்சியை உடனே கொல்லாது. தின்ன விடாமல் விரட்டும், குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். காலையில் அடித்து மாலையில் பூச்சி இன்னும் இருக்கிறதே என்று கைவிடுபவர்கள் அதன் இயல்பை அறியாதவர்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் சில நாளில் சிதையும். ஆகவே மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தெளிக்க வேண்டும். வயலுக்கு 3 சதவீதம் வரை பரிந்துரை உண்டு. மாடியின் கொளுத்தும் வெயிலில் லிட்டருக்கு 5 மில்லியும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் எனக்குப் போதுமாக இருக்கின்றன. அதற்கு மேல் போனால் இளம் இலை கருகுகிறது. விளக்கேற்ற விற்கும் எண்ணெய் வேண்டாம். இதைவிட நான் நம்புவது வேப்பங்கொட்டைச் சாறு: இடித்த பருப்பு 50 கிராம் ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, அன்றே தெளிப்பது.

செஞ்சிலந்திக்கும் அசுவினிக்கும் முதல் மருந்து வெறும் தண்ணீர். குழாயை விரலால் அடைத்துப் பீய்ச்சி, இலையடியை மூன்று நாள் தொடர்ந்து கழுவினால் கூட்டம் பாதியாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈயைப் பிடிக்கும், ஆனால் ஒழிக்காது. வந்துவிட்டதா என்று சொல்லும் காவல்மணியாக அதை வைத்துக்கொள்ளலாம். வெர்டிசிலியம், பியூவேரியா போன்ற பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகள் ஈரப்பதம் இருந்தால்தான் வேலை செய்யும். கோடை நடுப்பகலில் அடிப்பது வீண்.

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா 3 சதவீதத்தில் நல்ல வளர்ச்சியூக்கி. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதைப் பூச்சிமருந்தாக எண்ணுவது தவறு. இலை கொழுத்து மெத்தென்று இருக்கும் செடியைத்தான் அசுவினி அதிகம் நாடும். பூச்சி மொய்க்கும்போது வளர்ச்சியூக்கியும் பிண்ணாக்குக் கரைசலும் மேலும் மேலும் ஊற்றுவது அதற்கு விருந்து வைப்பதாகிவிடும்.

ரசாயனப் பூச்சிக்கொல்லி மாடியில் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வெண்டையை நாம் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கிறோம். பத்துச் செடி வைத்திருக்கும் வீட்டில் அந்தக் கணக்கை யாரும் கடைப்பிடிக்கப் போவதில்லை. குழந்தைகள் செடியிலிருந்தே தக்காளியைப் பறித்துத் தின்னும் இடத்துக்கு அது உகந்ததல்ல.

மருந்தே இல்லாத மஞ்சள்

கடைசியாக, நரம்பே மஞ்சளாகும் மஞ்சள். வெண்டை இலையில் நரம்புகள் பளிச்சென்ற மஞ்சள் வலையாகவும் இடைப்பகுதி பச்சையாகவும் இருந்தால், இரும்புக் குறைக்கு நேர் எதிரான தோற்றம் இது, அதுதான் மஞ்சள் நரம்புத் தேமல். 1924ல் பம்பாய் மாகாணத்தில் முதலில் பதிவான இந்த நச்சுயிரி நோய் நூறாண்டு கடந்தும் வெண்டைக்கு முதல் எதிரி. வெள்ளை ஈ சில நிமிடம் சாறு உறிஞ்சினாலே போதும், செடிக்குள் ஏறிவிடும். முளைத்த முதல் மாதத்தில் பிடித்தால் விளைச்சல் ஏறத்தாழ முழுதும் போய்விடும். காய்ப்பின் கடைசியில் பிடித்தால் இழப்பு குறைவு. காய் வெளிறி நாராகும்; சாப்பிடுகிறவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஏறிய நச்சுயிரியை இறக்க உலகில் மருந்து கிடையாது. எப்சம் உப்பும் கிடையாது, மோர்க்கரைசலும் கிடையாது.

செய்யக்கூடியது விதையில் இருக்கிறது. ஒருகாலத்தில் எதிர்த்து நின்ற பூசா சவானி ரகம் பிறகு தோற்றுப்போனது. காட்டு வெண்டை உறவுகளிலிருந்து எதிர்ப்பைக் கொண்டுவந்து பர்பானி கிராந்தியும் பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகாவும் உருவாயின. கோவைப் பல்கலைக்கழகத்தின் கோ 4 வீரிய ஒட்டு வெண்டையும் தாக்குப்பிடிக்கிறது. எந்த எதிர்ப்பும் நிரந்தரம் இல்லை. ஆனாலும் பெயர் தெரியாத பொட்டலத்தைவிட இவை மேல். தக்காளியில் இலைச்சுருட்டு நோயும் வெள்ளை ஈயால்தான். அர்கா ரக்ஷக் அதைத் தாங்கும். கத்தரியில் இலைகள் சிறுத்துக் குலையாகும் சிற்றிலை நோயைத் தத்துப்பூச்சி பரப்புகிறது; அதற்கும் மருந்து இல்லை. நாற்றை முதல் முப்பது நாள் நெருக்கமான நைலான் வலைக்குள் வளர்ப்பதும், மாடியோரம் துத்தி போன்ற களைகளை வளரவிடாமல் இருப்பதுமே நம் கையில் உள்ள தடுப்பு.

வந்துவிட்டால் பிடுங்குவதுதான். காலையில், வெள்ளை ஈ மந்தமாக இருக்கும் நேரத்தில், செடியின் மேல் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து, பையோடு சேர்த்துப் பிடுங்கிக் கட்டிவிடுங்கள். இன்னும் நாலு காய் வரும் என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்டதில்லை. ஆனால் நம் மாடிக்கும் பக்கத்து மாடிக்கும் நடுவில் வெள்ளை ஈக்குச் சுவர் கிடையாது. தேமல் பிடித்த ஒரு வெண்டையை விட்டுவைத்தால் அந்தத் தெருவில் இந்தப் பட்டத்துக்கு வெண்டை வைத்த எல்லோருக்கும் அது போய்ச் சேரும். உங்கள் மாடியில் அப்படி ஒன்று நின்றால் நாளைக் காலையிலேயே பிடுங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.